வெற்றி, தகுதி, அதிர்ஷ்டம்: தேர்வு முடிவு வந்த வாரத்தில் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் சனி, ஞாயிறுகளில் அரசுப் பணித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. கணக்கும் திறனறிவும் என் பங்கு. வகுப்பில் தனிவட்டி, விகிதம், ஆட்களும் நாட்களும் என்றுதான் சந்தேகம் கேட்பார்கள். தேர்வு முடிவு வெளியான வாரத்தில் மட்டும் சந்தேகங்கள் வேறு மாதிரி இருக்கும். அவற்றை வகுப்பில் கேட்க மாட்டார்கள், படிக்கட்டில் நிறுத்திக் கேட்பார்கள். பல ஆண்டுகளாக அதே கேள்விகள். ஆகவே கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்ற பணிகளுக்கான குரூப் 4 தேர்விலிருந்து வரும். இங்கே வருகிறவர்களில் அதை எழுதாதவர்கள் யாரும் இல்லை.

அதிர்ஷ்டம் என்று எதைச் சொல்கிறீர்கள் சார்? கிளி ஜோசியமா?

உங்கள் முடிவை மாற்றக்கூடியது, ஆனால் உங்கள் கையில் இல்லாதது எதுவோ, அதைத்தான் இங்கே அதிர்ஷ்டம் என்கிறேன். முந்தைய நாள் இரவு தற்செயலாகப் புரட்டிய பக்கத்திலிருந்து மூன்று கேள்விகள் வருவது அதிர்ஷ்டம். தேர்வன்று காலையில் காய்ச்சல் வருவது துரதிர்ஷ்டம். நீங்கள் எழுதும் ஆண்டில் பணியிடம் குறைந்துபோவதும் அப்படித்தான். எந்த வீட்டில் பிறந்தீர்கள், அந்த வீட்டில் புத்தகத்தை விரித்து வைக்க ஒரு மூலை இருந்ததா என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

லாட்டரிச் சீட்டைத் தமிழ்நாடு 2003ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. அதில் தகுதிக்கு வேலையே இல்லை, எனவே தோற்றவரை யாரும் முட்டாள் என்று சொன்னதும் இல்லை. தேர்வில் தகுதியும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நானும் அவனும் ஒரே அறையில் தங்கி, ஒரே புத்தகத்தைத்தான் படித்தோம். அவனுக்கு வேலை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவனைவிட நான் மட்டமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குரூப் 4இல் 200 கேள்விகள், ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 300. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால், தெரியாத கேள்விக்கும் ஏதோ ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டுத்தான் எழுந்து வருகிறோம். உங்கள் இருவருக்கும் சரியாக ஒரே அளவுதான் தெரியும், ஆளுக்கு 20 கேள்விகளைக் குருட்டாம்போக்கில் நிரப்பினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு விடைகளில் ஒன்று என்பதால் சராசரியாக 5 கேள்விகள் சரியாகும். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 7 அல்லது அதற்கு மேல் சரியாகிவிடும். இன்னும் ஐந்தில் ஒருவருக்கு 3 அல்லது அதற்கும் குறைவாகத்தான் சரியாகும். ஏழுக்கும் மூன்றுக்கும் இடையே இருப்பது 6 மதிப்பெண்.

2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வை 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். அறிவிக்கையில் சொல்லப்பட்ட பணியிடங்கள் 6,244. இத்தனை கூட்டத்தில் கட்-ஆஃப், அதாவது கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண், அதன் ஓரத்தில் ஒரே மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். 6 மதிப்பெண் என்றால் தரவரிசையில் ஆயிரக்கணக்கான இடங்கள். உங்கள் நண்பர் உங்களைவிட அதிகம் படித்திருக்கவும் கூடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் உள்ளே, நீங்கள் வெளியே என்ற ஒரே ஒரு செய்தியை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது.

அப்படியானால் எல்லாமே அதிர்ஷ்டம்தானா? படிக்காமலே போய் எழுதலாமே?

எழுதலாம். 200 கேள்விகளையும் குருட்டாம்போக்கில் நிரப்பினால் சராசரியாக 75 மதிப்பெண் வரும். தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 90 வேண்டும். அதற்கும் முன்னால், தமிழ்ப் பகுதியின் 100 கேள்விகளில் 40 சரியாக இருந்தால்தான் மற்றப் பகுதியையே திருத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறவருக்கு அதில் 25தான் சராசரி. 40ஐத் தொடுவது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வாய்க்காது. அப்படித் தொட்டவரும் கட்-ஆஃப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது.

கட்-ஆஃப் ஓரம் வரை உங்களைக் கொண்டு சேர்ப்பது படிப்பு மட்டும்தான். அங்கே வந்து சேர்ந்த கூட்டத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்பதில் அதிர்ஷ்டம் பெரும் பங்கு எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஃபிராங்க் இதைக் கணினியில் ஒரு போட்டியாக நடத்திப் பார்த்தார். ஒரு லட்சம் போட்டியாளர்கள். முடிவில் திறமைக்கும் உழைப்புக்கும் 98 சதவீதம், அதிர்ஷ்டத்துக்கு வெறும் 2 சதவீதம். திரும்பத் திரும்ப நடத்தியபோது, வென்றவர்களில் 78 சதவீதத்தினர் அந்தப் போட்டியின் மிகச் சிறந்த ஆளாக இருக்கவில்லை. காரணம் எளிது. ஒரு லட்சம் பேரில் உச்சத் திறமைக்கு மிக அருகில் இருப்பவர்களே ஏராளம். அவர்களில் யாருக்கு அந்த 2 சதவீதம் முழுதாக அமைகிறதோ அவர் முந்திவிடுகிறார். கூட்டம் பெருகப் பெருக அதிர்ஷ்டத்தின் கை ஓங்கும். 15 லட்சம் பேர் எழுதும் தேர்வைப் பற்றி நான் வேறு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பணியிடம் குறைந்தது அரசின் முடிவு. அதை எப்படி அதிர்ஷ்டம் என்கிறீர்கள்?

முடிவு செய்தவர்களுக்கு அது முடிவு. உங்களுக்கு அது வானிலை. 2022 குரூப் 4 அறிவிக்கையில் 7,301 இடங்கள் இருந்தன. தேர்வு முடிந்த பிறகு அது பத்தாயிரத்தைத் தாண்டியது. எழுதி முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பகுதியினர், ஒரு கேள்விக்குக்கூடக் கூடுதலாக விடை எழுதாமல், தோற்றவர்கள் பட்டியலிலிருந்து வென்றவர்கள் பட்டியலுக்கு வந்தார்கள். குடிமைப் பணித் தேர்வையும் பாருங்கள். 2014 அறிவிக்கையில் 1,291 இடங்கள், 2021இல் 712. 2021இல் 900ஆம் இடத்துக்கான திறமையோடு வந்தவர் 2014இல் எழுதியிருந்தால் இன்று ஏதோ ஒரு மாவட்டத்தில் அதிகாரி. எந்த ஆண்டில் பட்டப்படிப்பை முடித்தோம் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

முதலிடம் பெற்றவர்கள் எல்லோரும் "கடின உழைப்புதான் காரணம்" என்கிறார்களே. பொய் சொல்கிறார்களா?

உண்மையைத்தான் சொல்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்த பாதியை. காலை 4 மணிக்கு எழுந்தேன், கைபேசியைத் தொடவில்லை, பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தேன் என்று பேட்டி கொடுக்கிறார்கள். அத்தனையும் நடந்தவை. அதே 4 மணிக்கு எழுந்து அதே வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்துவிட்டு ஒன்றரை மதிப்பெண்ணில் வெளியே நிற்பவரிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை. பஸ் நிலையச் சுவரில் பயிற்சி மையங்கள் ஒட்டும் சுவரொட்டியிலும் வென்றவர்களின் படங்கள் மட்டும்தான். மொத்தம் எத்தனை பேர் கட்டணம் கட்டினார்கள் என்று அச்சடித்த சுவரொட்டி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆடி மாதத்தில் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழிக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு எதிர்க்காற்று மறக்காது. முகத்தில் மண்ணை வாரி அடிக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அப்போது காற்றின் நினைவே வராது, நம் கால் நன்றாக மிதிக்கிறது என்றே தோன்றும். வென்றவர் தன் உழைப்பை மட்டும் நினைவு வைத்திருப்பதில் கள்ளம் ஒன்றும் இல்லை.

ஜாதகத்தில் அரசு வேலை யோகம் இருந்தால்தான் கிடைக்குமாமே?

ஜாதகக்காரர் "இந்த ஆண்டு இல்லை, அடுத்த ஆண்டு உண்டு" என்பார். 15 லட்சம் பேர் எழுதிச் சில ஆயிரம் பேர் தேர்வாகும் தேர்வில் "இந்த ஆண்டு இல்லை" என்று யாரிடம் சொன்னாலும் பலித்துவிடும். கட்டணத்தை மிச்சப்படுத்தி மாதிரித் தேர்வுத் தாள் வாங்குங்கள்.

உழைப்பாவது முழுக்க என் கையில்தானே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நான் முன்பெல்லாம் சட்டென்று "ஆமாம்" என்றுவிடுவேன். எங்கள் வகுப்பில் ஒரு பெண் படித்தார். அவருடைய கிராமத்துக்கு மாலை 4.40க்கு ஒரு பஸ். அதை விட்டால் 7 மணிக்குத்தான். மாதிரித் தேர்வு 5 மணிக்கு முடியும். ஒவ்வொரு வாரமும் 4.25க்கு வினாத்தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்குவார். மறுவாரம் அந்தத் தாளில் கடைசி நாற்பது கேள்விகளின் விடைகள் கோணல்மாணலாக இருக்கும். பஸ்ஸில், முழங்காலில் வைத்து எழுதியவை. அவருக்கு முன் வரிசையில் இருந்த இளைஞருக்கு வீட்டு மாடியில் தனி அறை, அப்பாவுக்கு ஓய்வூதியம், "இன்னும் இரண்டு வருடம் படி, பரவாயில்லை" என்று சொல்லும் அம்மா. இருவரில் யார் அதிகம் உழைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். யாருக்கு உழைப்பதற்கு இடம் இருந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

உழைக்கும் குணமே எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் சிக்கலான கேள்வி. விடாமல் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் பெரும்பாலும் வீட்டிலிருந்தோ, நல்ல ஆசிரியர் ஒருவரிடமிருந்தோ, நல்ல உடம்பிலிருந்தோ வருகிறது. அவை எதையும் நாம் கடையில் வாங்கவில்லை. உழைப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது; அந்தக் கை யார் கொடுத்தது என்பதையும் சில சமயம் யோசித்துக்கொள்ளலாம்.

வள்ளுவர் ஊழையும் சொல்கிறார், முயற்சியையும் சொல்கிறார். எதை நம்புவது?

தமிழ்ப் பகுதிக்காகக் குறளை மனப்பாடம் செய்கிறவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. 38ஆம் அதிகாரம் ஊழ். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. முன்னதில் "ஊழிற் பெருவலி யாவுள" என்கிறார். பின்னதில் "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்கிறார். மேடையில் பேசுகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் மாணவர்களுக்குக் காட்டுவது அதிகம் பேசப்படாத இரண்டு குறள்களை. ஊழ் அதிகாரத்தின் முதல் குறள் "ஆகூழால் தோன்றும் அசைவின்மை" என்று தொடங்குகிறது. சோர்வில்லாத முயற்சியே நல்ல ஊழால் வருவது என்கிறது அது. முந்தைய கேள்வியில் நான் சுற்றி வளைத்துச் சொன்னதை மூன்று சொல்லில் முடித்துவிட்டார். மற்றொன்று 618ஆவது: "பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி". நல்லூழ் இல்லாமல் போனது யாருக்கும் பழி ஆகாது. அறிய வேண்டியதை அறிந்து முயலாமல் இருப்பதுதான் பழி. ஆக, தோற்றவரிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சுகிறது: முயன்றாயா? "ஆமாம்" என்றால் விசாரணை முடிந்தது.

உண்மையான திறமையை யாராலும் மறைக்க முடியாது என்பார்களே? ராமானுஜன் வரவில்லையா?

வந்தார். எப்படி வந்தார் என்று பாருங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றவற்றில் தோற்றதால் உதவித்தொகை போனது. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேற முடியவில்லை. பட்டம் இல்லாமல், வருமானம் இல்லாமல், 1910இல் திருக்கோயிலூரில் துணை ஆட்சியராக இருந்த ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார். எதற்கு? நீங்கள் எல்லோரும் தேடுகிற அதே எழுத்தர் வேலைக்கு. அந்தத் துணை ஆட்சியர் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவராக இருந்தார். மாகாணத்தில் எத்தனை துணை ஆட்சியர்கள் இருந்திருப்பார்கள், அவர்களில் ராமானுஜனின் கணக்கு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடியவர் எத்தனை பேர்?

அதன் பிறகும் ஒவ்வொரு படியிலும் ஓர் ஆள் தேவைப்பட்டார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணித அறிஞர்களுக்கு அனுப்பியவை பயன் தரவில்லை. 1913 ஜனவரியில் எழுதிய கடிதம் அங்கேயே இருந்த இன்னொரு கணித அறிஞர் ஹார்டியிடம் போனது. அவரும் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து படித்தார்கள். ராமானுஜனிடம் இருந்தது ஒரே திறமைதான். இரண்டு மேசைகளில் அது குப்பை, மூன்றாவதில் அற்புதம். மூன்றாவது மேசை வரை போய்ச் சேராதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் "திறமையை மறைக்க முடியாது" என்று தைரியமாகச் சொல்லிக்கொள்கிறோம்.

தேர்வே வேண்டாம் என்று தொழிலுக்கு, கலைக்குப் போனால் அங்கே திறமைக்கு மட்டும்தானே மதிப்பு?

அங்கே கட்-ஆஃப்கூடக் கிடையாது, ஆகவே அதிர்ஷ்டத்துக்கு இன்னும் தாராளம். 2006இல் சல்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். யாரும் கேள்விப்படாத 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000க்கும் மேற்பட்டோரைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துக் கேட்கவைத்தார்கள். தன் குழுவில் எந்தப் பாடலை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பது தெரிந்த இடங்களில், ஒரு குழுவில் முன்னணிக்கு வந்த பாடல் இன்னொரு குழுவில் பின்தங்கிக் கிடந்தது. மிக நல்ல பாடல் அடிமட்டத்துக்குப் போவது அரிது. மிக மோசமானது உச்சிக்கு வருவதும் அரிது. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. மூன்றாவது கேள்விக்கான பதிலோடு இதைச் சேர்த்துப் படியுங்கள், உருவம் ஒன்றுதான்.

இட ஒதுக்கீட்டால்தான் தகுதி அடிபடுகிறது என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். இதற்கு என்ன பதில்?

தமிழ்நாட்டில் 69 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. மீதி 31 சதவீதம் எல்லோரும் போட்டியிடும் பொதுப் பிரிவு. நண்பர்கள் சொல்வதில் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: ஒதுக்கீடு இல்லாவிட்டால் மதிப்பெண் பட்டியல் சுத்தமான தகுதிப் பட்டியலாக இருக்கும் என்பது. இரண்டாவது கேள்வியையும் அந்த 4.40 பஸ்ஸையும் ஒருமுறை நினைத்துக்கொண்டு அதைத் திரும்பச் சொல்லிப் பாருங்கள்.

மருத்துவச் சேர்க்கையில் நடந்ததைக் கவனியுங்கள். நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்து அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை இருந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஆண்டே நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே போனார்கள். எல்லோரும் அதே நீட் தேர்வில் தகுதி பெற்றவர்கள். ஒரே ஆண்டில் அரசுப் பள்ளிகளில் திடீரென்று மூளை வளர்ந்துவிடவில்லை. ஒதுக்கீட்டின் ஒவ்வொரு விதியும் குறையில்லாதது என்று நான் வாதாட மாட்டேன். அதே பிரிவுக்குள் வசதியானவர் முந்துவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் பிறப்பு கொடுத்த அதிர்ஷ்டத்தைக் கொஞ்சம் சமன் செய்வதைத் தகுதிக்கு விரோதம் என்று சொல்வது கணக்குத் தெரியாத பேச்சு.

இப்படியெல்லாம் சொன்னால் பிள்ளைகள் படிப்பதையே விட்டுவிட மாட்டார்களா?

கேட்டவர் எங்கள் வகுப்பில் வரலாறு எடுக்கும் சக ஆசிரியர். நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. "உழைத்தால் நிச்சயம்" என்று நம்பி வந்தவர்தான் முதல் தோல்வியில் நொறுங்கிப்போகிறார். உழைத்தும் வரவில்லை என்றால் குறை தன்னிடம்தான் என்று அவருடைய கணக்கு சொல்கிறது. அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தவர் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே வந்துவிடுகிறார்.

எத்தனை முறை எழுதலாம்? எப்போது நிறுத்த வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் கனமானது. முதலில், தரவரிசையைப் பார்க்காதீர்கள், கட்-ஆஃபிலிருந்து எத்தனை மதிப்பெண் தள்ளி நிற்கிறீர்கள் என்று பாருங்கள். 5, 6 மதிப்பெண்ணுக்குள் இருந்தால், மேலே போட்ட கணக்கின்படி அது ஒரு நாளின் அதிர்ஷ்டம் விழுங்கக்கூடிய தூரம். திரும்ப எழுதுவது நியாயம். 50 மதிப்பெண் தள்ளி நின்றுகொண்டு "எனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்றால் அது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. ஒரு தேர்வு போதாது; கடைசி மூன்று மதிப்பெண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏறுகிறதா, நிற்கிறதா?

அடுத்தது, கட்-ஆஃப் ஓரத்தில் இருப்பவருக்கும் உறுதி ஒன்றும் கிடையாது. ஒருமுறை எழுதினால் ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முறை எழுதினால் ஒருமுறையாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 67 சதவீதம். அதாவது அதே தகுதியுள்ள மூன்று பேரில் ஒருவர் ஐந்து முறை எழுதியும் வெளியேதான் நிற்பார். அந்த ஒருவர் செய்த தவறு எதுவும் இல்லை. குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு ஆறு வாய்ப்புகள்தான். 2020 அக்டோபரில், கொரோனாவுக்கு நடுவே, கடைசி வாய்ப்பை எழுதியவர்கள் இன்னொரு வாய்ப்புக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2021 பிப்ரவரியில் மனு தள்ளுபடியானது.

ஆகவே என் யோசனை இது: முதல் முயற்சிக்கு முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போது, எந்த வயதோடு நிறுத்துவது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது முயற்சியிலிருந்து பாதி நேர வேலையாவது பார்த்துக்கொண்டு படியுங்கள். கடையில் கணக்கு எழுதிக்கொண்டே படித்துத் தேர்வானவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. முழு நேரமும் படிப்பதால் வரும் கூடுதல் மதிப்பெண், ஆறு ஆண்டு வெற்றிடத்தை நியாயப்படுத்தும் அளவுக்குப் பெரிதாக நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் முதல் முறையிலேயே பாஸ் ஆகிவிட்டான். எங்கள் பெண்ணிடம் என்ன சொல்வது?

பக்கத்து வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். அவளுடைய மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பாருங்கள். முந்தைய கேள்வியில் சொன்ன இடைவெளியைக் கணக்கிடுங்கள். மாப்பிள்ளை பார்ப்பதைத் தேர்வு முடிவோடு கோத்து வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். முடிச்சு இருக்கும்வரை அவளுக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒன்றரை மதிப்பெண்ணாகத் தெரியாது.

நான் தேர்வாகிவிட்டேன் சார். இனி இதையெல்லாம் நான் எதற்குப் படிக்க வேண்டும்?

வாழ்த்துகள். உழைத்தீர்கள், நான் பார்த்தேன். இன்னும் சில மாதங்களில் நீங்கள் ஒரு கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். சாதிச் சான்றிதழுக்கு, வருமானச் சான்றிதழுக்கு என்று இந்தப் பக்கம் வந்து நிற்பவர்களில் உங்களோடு அதே தேர்வை எழுதி ஒன்றரை மதிப்பெண்ணில் வெளியே நின்றவர்களும் இருப்பார்கள். அவர்களை உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி போடுங்கள்.

பாராட்டு விழாவுக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். எங்கள் வகுப்பிலும் கூப்பிடுவோம். வரும்போது இந்த ஆண்டின் மதிப்பெண் பட்டியலோடு, தேர்வாகாத ஆண்டுகளின் பட்டியல்களையும் எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பலகையில் ஒட்டலாம் என்றிருக்கிறோம். மூலத்தைக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் நகல் போதும். நகல் எடுக்கும் கடை நூலகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.